விழித்த நேரம்

ஜூன் 10, திங்கள்

இந்த நோட்டு இணைப்பு வேலைக்காக மட்டும். சொந்த விஷயம் எதுவும் இதில் எழுதக் கூடாது. எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டும்.

இன்று பள்ளி திறந்தது. முள்ளிவிளை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியையாக வந்து ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. நானும் இசக்கியப்பன் சாரும் என இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், எழுபத்தொரு பிள்ளைகள். இன்றிலிருந்து கூடவே இருபத்திரண்டு பொடிசுகள். உப்பளச் சாலையோரக் கொட்டகையில் ஒரு டிரஸ்ட் பன்னிரண்டு வருடமாக நடத்திவந்த மழலையர் பள்ளியை மூடிவிட்டார்கள். அங்கிருந்த பிள்ளைகளையும் அவர்களுடைய டீச்சரையும் எங்களோடு இணைத்து உத்தரவு வந்திருக்கிறது.

டீச்சர் பெயர் ஜெபக்கனி. இப்போதைக்குத் தற்காலிகம். இவர் தொடரலாமா, வேண்டாமா என்று ஜூலை பதினைந்துக்குள் நான் அறிக்கை அனுப்ப வேண்டும். நான் யாரைப் பற்றியும் வாய்க்கு வந்தபடி எழுதுகிறவள் இல்லை. பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்துத்தான் எழுதுவேன். அதற்குத்தான் இந்த நோட்டு.

ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இருபத்திரண்டு பாய்கள், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு அலுமினியக் குண்டான், ஒரு கட்டு நீளப் பதிவேடுகள். வயது நாற்பத்தைந்து இருக்கும். வலது காலில் பச்சை வார் செருப்பு, இடது காலில் பழுப்பு வார் செருப்பு. முதல் நாள் வேலைக்கு வருகிறவர் குனிந்து ஒரு தடவை தன் காலைப் பார்த்திருக்கலாம்.

நேரத்தைச் சொன்னேன். காலை ஒன்பதே கால் முதல் என்றேன்.

"ஒம்பதே காலுக்கா டீச்சர்? அதுவரைக்கும் பிள்ளையள எங்க வைக்கது?"

"வீட்ல."

"வீட்ல யாரு இருக்கா? அஞ்சு மணிக்கெல்லாம் அளத்துக்குப் போயிருதாவல்லா. வெயிலு ஏறிட்டுன்னா உப்பு வார முடியாது. நாங்க அங்க அஞ்சுக்கே தொறந்துருவோம். கேட்டு சாவி ஒண்ணு எங்கிட்ட குடுத்தியன்னா..."

சாவி தலைமையாசிரியரிடம்தான் இருக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் இருபத்திரண்டு பிள்ளைகள் உள்ளே இருந்து, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப்போவது நான். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கடிகாரத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டார்.


ஜூன் 11, செவ்வாய்

மூன்றரைக்கே முழிப்பு. வெக்கை. கேட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன்.


ஜூன் 12, புதன்

முதல் குறை அகப்பட்டுவிட்டது. பெரிய குறை.

மழலையர் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். வந்தவருக்கு ஒரு கோடு, வராதவருக்கு 'வ' என்று போடுவதுதான் உலக வழக்கம். இந்த அம்மாள் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் மணி எழுதிவைத்திருக்கிறார். 6.10. 6.40. 7.05. பன்னிரண்டு வருடத்துப் பதிவேடும் இப்படித்தானாம்.

"என்னம்மா இது?"

"முழிச்ச நேரம் டீச்சர்."

"வந்த நேரம் எங்க?"

"வரும்போது தூங்கிட்டுல்லா வருதுவ. அம்மா தோள்ல கெடந்து வருது, பாயில மாத்தி விட்டா அதுபாட்டுக்குத் தூங்குது. தூங்குற பிள்ளைய வந்திருக்குன்னு எப்படி எழுதுறது? முழிச்சாத்தான் வந்த மாதிரி."

சட்டம் படித்தவர் மாதிரி விளக்கம். சரி, அது அங்கே. இங்கே திறப்பது ஒன்பதே காலுக்கு. இன்றைய தேதியிலும் 6.40 என்று எழுதியிருக்கிறதே, இதை யார் பார்த்தது என்று கேட்டேன்.

"பாத்ததும் உண்டு, கேட்டதும் உண்டு" என்றார்.

பொய்ப் பதிவு. சிவப்பு மையில் குறித்துவைத்திருக்கிறேன்.


ஜூன் 14, வெள்ளி

பீரோ மேலிருக்கும் வருகைக் கேடயத்தைத் துடைத்தேன். ஒன்றியத்திலேயே வருகையில் முதலிடம், தொடர்ந்து மூன்று வருடம். போன முறை மேடையில் மைக்கை நீட்டி ரகசியம் என்ன என்று கேட்டார்கள். கண்டிப்பு, வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். கைதட்டினார்கள்.

அதனால்தான் இந்த வாரம் பற்றிக்கொண்டு வருகிறது. ஐந்தாம் வகுப்பில் நான்கு பெண்கள் தாமதம், இரண்டு பேர் வரவே இல்லை. நான்காம் வகுப்பில் மூன்று. எல்லாம் பெண்கள். பையன்கள் மணியடிப்பதற்கு முன்பே வந்து மைதானத்தில் புழுதி கிளப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"லீவுல பழகின சோம்பல் டீச்சர். ஒரு சத்தம் போட்டா சரியாயிரும்" என்றார் இசக்கியப்பன் சார்.

போட்டேன்.


ஜூன் 18, செவ்வாய்

சரியாகவில்லை.

ஐந்தாம் வகுப்பு வினோதினி ஒன்பதரைக்கு வந்தாள், இடுப்பில் தம்பி லோகித்தோடு. மூன்று வயதுப் பையன், நல்ல கனம். பாதித் தலையை வாரிவிட்டு மீதியை அப்படியே விட்டிருந்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள், வாய்ப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தலைகீழாகச் சொல்லுவாள். அவளே இப்படி வந்தால் மற்றவர்களை என்ன சொல்வது? கேட்டருகே பத்து நிமிடம் நிற்க வைத்தேன். அழவில்லை. தம்பியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜெபக்கனி வந்து பையனை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை. போகிற போக்கில் அந்தப் பிள்ளையின் மீதித் தலையை விரலாலேயே கோதி ஒரு பின்னல் போட்டுவிட்டார். தண்டனையில் நிற்கும் மாணவியிடம் இப்படி நடந்துகொள்வது முறையில்லை. குறித்துக்கொண்டேன்.

இன்றைய வருகை எண்பத்தொன்பது சதவீதம். நான் இங்கு வந்ததிலிருந்து இந்த எண்ணைப் பார்த்ததில்லை.


ஜூன் 20, வியாழன்

காலையில் லோகித்தைக் கொண்டுவந்த வினோதினியிடம் ஜெபக்கனி கேட்டது என் காதில் விழுந்தது.

"எத்தன மணிக்கு முழிச்சான்?"

"முழிக்கவே இல்லக்கா. ஏழரைக்கு நாந்தான் இழுத்து எழுப்புனேன்."

பதிவேட்டை எடுத்து 7.30 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு என்னிடம் வந்து, "இவன் ஆறு நாப்பதுக்குத் தானா எந்திக்கிறவன் டீச்சர். சாயந்தரத்துக்குள்ள காயும். அவங்க அம்மாவுக்குச் சொல்லி விட்டுட்டேன்" என்றார்.

பையன் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஜோசியம் சொல்லுகிற வேலையெல்லாம் இங்கே வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். மூன்று மணிக்கு அவன் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. அதற்குள் ஈரத்துணி தயாராக இருந்தது. அம்மா சுடலைவடிவும் அளத்திலிருந்து நேராக வந்து, உப்பு காய்ந்த காலோடு வாசலில் நின்றிருந்தாள்.

மருத்துவர் மாதிரி பேசுவது சரியில்லை என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் சொன்னது நடந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

மாலை எல்லோரும் போன பிறகு அந்தப் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். வட்டம் போட்ட இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். வட்டம் விழுந்த மறுநாள் அநேகமாக அந்தப் பெயருக்கு நேரே 'காய்ச்சல்', 'அம்மை', 'வயிற்றுப்போக்கு' என்று ஏதாவது இருக்கிறது. ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு நாள் விடாமல் ஒருவர் எழுதி நான் பார்த்ததில்லை.

சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிட்டேன்.


ஜூன் 24, திங்கள்

இன்றைக்கும் மூன்றரை. பால் காய்ச்சினேன். இரண்டு டம்ளருக்குக் காய்ச்சிவிட்டேன், கை பழக்கம். வீட்டில் உட்கார்ந்திருப்பதற்குப் பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டு வேலையை முடிக்கலாம் என்று ஐந்தரை பஸ்ஸில் ஏறினேன்.

ஆறு மணிக்குப் பஸ் உப்பளச் சாலையில் திரும்பியது. டிரஸ்ட்காரர்கள் பூட்டிவிட்டுப் போன கொட்டகைக்கு முன்னால், ரோட்டை ஒட்டிய தரையில், வரிசையாகச் சாக்கு விரித்திருந்தது. எட்டோ ஒன்பதோ பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாய்களெல்லாம்தான் என் பள்ளிக்குள் பூட்டிக் கிடக்கின்றனவே. பிள்ளைகளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஜெபக்கனி உட்கார்ந்திருந்தார். மடியில் பதிவேடு. உப்பு லாரி ஒன்று எதிரே வந்தது. அது கடக்கும்வரை எழுந்து, இரண்டு கையாலும் முந்தானையைப் பிள்ளைகளுக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், புழுதி படாமல் இருக்க. லாரி போனதும் உட்கார்ந்து கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்.

பாத்ததும் உண்டு, கேட்டதும் உண்டு.

மற்ற பிள்ளைகளை ரோட்டோரத்தில் விட அம்மாக்களுக்கு மனம் வந்திருக்காது. அவர்கள்தான் வீட்டில் அக்காக்களின் இடுப்பில் இருக்கிறார்கள்.

நான் அந்த நிறுத்தத்தில் இறங்கவில்லை. பள்ளி நிறுத்தம் அடுத்தது. இறங்கி, கேட்டைத் திறந்து, அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டு வேலை எதுவும் செய்யவில்லை. சாவி கையிலேயே இருந்திருக்கிறது, உள்ளங்கையில் அதன் பல் பதிந்துவிட்டது.


ஜூன் 25, செவ்வாய்

வருகை எண்பத்து நான்கு. யாரையும் நிற்க வைக்கவில்லை.


ஜூன் 26, புதன்

ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பீரோவின் அடித்தட்டில் நான் வருவதற்கு முந்தைய வருகைப் பதிவேடுகள் இருக்கின்றன. கரையான் அரித்தது போக மீதி வாசிக்க முடிகிறது. பதினைந்து வருடத்துக்கு முந்தையது, பதினான்கு, பதின்மூன்று. ஐந்தாம் வகுப்புப் பெண்கள் பெயருக்கு நேராக ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை 'நீண்ட விடுப்பு', 'நீண்ட விடுப்பு' என்று ஓடுகிறது. உப்பு விளைகிற மாதங்கள். சில பெயர்கள் நடுவிலேயே நின்றுவிட்டன.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் அது சட்டென்று நிற்கிறது. அதற்குப் பிறகு எல்லாப் பெண்களுக்கும் கோடு, கோடு, கோடுதான். அந்த ஜூனில்தான் கொட்டகை திறந்திருக்கிறார்கள். நான் இந்த ஊருக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.

ஆக, கண்டிப்பு இல்லை. நான் பீரோ மேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தது இன்னொருத்தியின் கேடயம். நான் மேடையில் கைதட்டு வாங்கிய அந்த நாளில் இவர் எங்கே இருந்திருப்பார்? தெரியும் எனக்கு, எங்கே இருந்திருப்பார் என்று. பாய் தட்டிக்கொண்டிருந்திருப்பார்.

வெட்கமாக இருக்கிறது. இதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.


ஜூலை 1, திங்கள்

வட்டாரக் கல்வி அலுவலரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், வேலைப்பளு. விஷயத்தைச் சொல்லி, ஐந்து மணிக்குத் திறக்க அனுமதி கேட்டு எழுதித் தரட்டுமா என்றேன்.

பேனாவை மூடிவைத்தார். "டீச்சர், நீங்க எழுதிக் கேட்டா நான் கூடாதுன்னுதான் எழுதணும். கேக்காம இருந்தீங்கன்னா நான் எதுவுமே எழுத வேண்டியதில்லை."

"ஏதாவது ஆயிட்டுன்னா?"

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்ட."

"அப்போ பொறுப்பு யாருதுன்னு உங்களுக்கே தெரியும். நிரந்தர ஆசிரியர் ஒருத்தர் உள்ள இருக்கணும். அது ஒண்ணுதான் நான் சொல்லுவேன். அதையும் நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.


ஜூலை 2, செவ்வாய்

இசக்கியப்பன் சாருக்கு வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. அவரால் அந்த நேரத்துக்கு வர முடியாது. கேட்பதும் நியாயமில்லை. டவுனிலிருந்து முதல் பஸ் நாலு பத்துக்கு. நான் எப்படியும் அந்த நேரத்துக்கு விழித்துத்தான் இருக்கிறேன்.

மதியம் ஜெபக்கனியைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அவர் எதிரே வந்து நின்றதும் அந்தப் பாழாய்ப்போன செருப்பு கண்ணில் பட்டது, பச்சையும் பழுப்புமாக. இருட்டில் கிளம்புகிறவர் எதைப் பார்த்து மாட்டுவார்? இவ்வளவு சின்னக் கணக்கு எனக்கு இருபது நாளாகப் புரியவில்லை. மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது.

"நாளன்னைக்கி வியாழக்கிழமையிலருந்து அஞ்சு மணிக்குத் தொறக்கலாம். நானும் இருப்பேன்" என்றேன்.

அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "டவுன்லருந்தா டீச்சர்? அந்நேரத்துக்கா?" என்றார்.

"பஸ் இருக்கு."

"சரி. வெறும் வயித்தோட வராதிய. நம்ம குண்டான்ல ஒரு டம்ளர் கஞ்சி கூடப் போடுதேன்."

வேறு ஒருவராக இருந்திருந்தால் ரோட்டோரத்து மூன்று வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லிக் காட்டியிருப்பார். நான் சொல்லியிருப்பேன்.


ஜூலை 4, வியாழன்

ஐந்து மணிக்கு முன்பே கேட்டில் நின்றிருந்தார்கள். அம்மாக்கள் எல்லோர் தோளிலும் ஒரு தூக்கம். என்னைப் பார்த்ததும் ஒருவருக்கொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"பெரிய டீச்சரா? நாங்க லேட்டுன்னு நிக்க வைக்கவா வந்திய?" என்றாள் சுடலைவடிவு. எல்லோரும் சிரித்தார்கள். வினோதினியை நிற்க வைத்ததற்கு என் பங்கு கிடைத்துவிட்டது. சரிதான்.

ஜெபக்கனி பிள்ளை வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கையை நேராகப் பிள்ளையிடம் கொண்டுபோவதில்லை. முதலில் அம்மாவின் தோளில் கை வைக்கிறார். அம்மா மூச்சு விடும்போது கூடவே சாய்ந்து, பிள்ளையின் தலைக்கடியில் கை நுழைகிறது. தோள் மாறியது பிள்ளைக்குத் தெரியவில்லை. பாயில் படுக்க வைத்தபிறகும் உடனே கையை எடுப்பதில்லை, பிள்ளை தானாகப் புரளும்வரை கை அடியிலேயே கிடக்கிறது. இருபத்திரண்டு தடவை இப்படி. அரைமணி நேரத்தில் முடிந்தது, ஒரு சிணுங்கல் இல்லை. முப்பத்து நான்கு வருட ஆசிரியத் தொழிலில் எவ்வளவோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒன்பது மணிக்கு வினோதினி வந்தாள். வெறும் இடுப்பு. இரட்டைப் பின்னல், ரிப்பன். என்னைக் கடக்கும்போது நடையைக் குறைத்தாள். போகவிட்டேன்.


ஜூலை 5, வெள்ளி

வருகை தொண்ணூற்றாறு. கஞ்சியில் உப்பு கூடுதல். சொல்லவில்லை.


ஜூலை 9, செவ்வாய்

சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கு நான் எதற்கு என்று, இன்றைக்கு ஒரு பிள்ளையை நானே வாங்கினேன். லோகித்தைத்தான். அம்மா தோளில் கை வைத்தேன், மூச்சு பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் செய்தேன். என் கண்ணாடி வளையல் அவன் காதில் பட்டது. கண்ணைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்தான். அவன் போட்ட சத்தத்தில் அடுத்த பாய், அதற்கடுத்த பாய் என்று இருபத்திரண்டும் எழுந்து உட்கார்ந்து ஒரே குரலில் அழுதன. கேட்டுக்கு வெளியே போய்விட்ட அம்மாக்கள் நாலு பேர் திரும்பி ஓடிவந்தார்கள்.

ஜெபக்கனி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். பதிவேட்டை எடுத்து மேலிருந்து கீழாக இருபத்திரண்டு பெயருக்கும் 5.25, 5.25 என்று எழுதிக்கொண்டே போனார்.

"இந்த ஒரு நாள வச்சு யாருக்கும் காய்ச்சல்னு நெனைச்சிராதிய டீச்சர்" என்றார்.

வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன். அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். ஒன்று கறுப்பு வார், ஒன்று நீல வார்.


ஜூலை 12, வெள்ளி

அறிக்கை எழுதினேன். கல்வித் தகுதி என்ற இடத்தில் உள்ளதைத்தான் எழுத வேண்டும்: பன்னிரண்டாம் வகுப்பு, தேர்ச்சி இல்லை. மழலையர் ஆசிரியர் பயிற்சி, இல்லை. இந்த இரண்டு வரியையும் பார்த்து மேலே உள்ளவர்கள் முடிவெடுத்துவிட்டால் கதை முடிந்தது. அவர் போய்விட்டால் ஐந்து மணி கிடையாது. ஐந்து மணி கிடையாது என்றால் வினோதினி கிடையாது.

அதனால் பின்னிணைப்பு வைத்தேன். அவருடைய பதிவேட்டில் ஒரு வருடத்துக்கு நகல். பழைய ஐந்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் கொட்டகை வருவதற்கு முந்தைய வருடம், வந்த வருடம், இரண்டுக்கும் நகல். மூன்று வருடம் கேடயம் வாங்கியது இந்தப் பள்ளி அல்ல, இவர்தான் என்று ஒரு பத்தி.

கடைசியில் 'குறைகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இப்படி எழுதினேன்: உண்டு. ஜூன் பதினொன்று முதல் ஜூலை மூன்று வரை பிள்ளைகள் ரோட்டோரத்தில் தூங்கினார்கள். அது இவர் குறை அல்ல, கேட்டைத் திறக்காத தலைமையாசிரியரின் குறை.

இசக்கியப்பன் சார் படித்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார். "டீச்சர், இந்த வரி வேண்டாமே. ரிட்டயர்மென்டுக்கு ரெண்டு வருசம்தான் இருக்கு. நாளைக்கு இத வச்சே உங்களக் கேள்வி கேப்பாங்க."

கேட்கட்டும். கவரை ஒட்டிவிட்டேன்.


ஜூலை 15, திங்கள்

கல்வி வளர்ச்சி நாள். பிள்ளைகளுக்குக் கேசரி. கேடயத்தை எடுத்துக்கொண்டு போய் மழலையர் அறையில் வைத்தேன். இது இங்கேதான் இருக்க வேண்டும் என்றேன். ஜெபக்கனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நல்ல கனம் என்றார். மாலையில் போய்ப் பார்த்தால் காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவுக்கு அணை கொடுத்து வைத்திருக்கிறார். பிள்ளைகள் தூங்கும்போது அந்தக் கதவு படபடவென்று அடிக்குமாம்.

மூன்று வருடத்தில் அந்தக் கேடயம் செய்த முதல் உருப்படியான வேலை.


ஜூலை 26, வெள்ளி

தபால் வந்தது. உடைப்பதற்கு முன் தண்ணீர் குடித்தேன்.

ஜெபக்கனி தொடரலாம். இந்தக் கல்வியாண்டு முழுக்க, அடுத்த ஆண்டு மறுபரிசீலனை. ஐந்து மணியைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. என் குறையைப் பற்றி இருக்கிறது: தலைமையாசிரியர் பதினைந்து நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும். தருகிறேன். உண்மையை விளக்குவதற்குப் பதினைந்து நாள் தேவைப்படாது.

அவரிடம் உத்தரவைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். விரலை வரிக்கு வரி வைத்து, மெதுவாக. முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "திங்கக்கிழம புதுசா ஒரு பிள்ள வருது டீச்சர். பாயி ஒண்ணு வாங்கணும்" என்றார்.

இந்த மனுஷியை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.


ஜூலை 29, திங்கள்

புதுப் பிள்ளை வரவில்லை, காலாண்டு கழித்து வருமாம். அதனால் புதுப் பாய் ஒன்று மிச்சம்.

லோகித் ஐந்தரைக்கே சிணுங்கினான். ஜெபக்கனி கையில் வேறு பிள்ளை இருந்தது. "சும்மா பக்கத்துல படுத்து முதுகுல கை வைங்க டீச்சர். ரெண்டு நிமிசம், உறங்கிருவான்" என்றார். போன தடவை நடந்ததை நினைவுபடுத்தினேன். "இப்போதான் வளையல் இல்லையே" என்றார். புதுப் பாயைப் பக்கத்தில் விரித்துப் படுத்தேன். சேலை கசங்குமே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அவன் முதுகு ஏறி ஏறி இறங்கியது.

கண்ணைத் திறந்தபோது அறை முழுக்க வெயில். என் மேல் யாருடைய துண்டோ போர்த்தியிருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோகித் நடுவில், பெரிய காவல்காரன் மாதிரி.

"பெரிய டீச்சர் முழிச்சாச்சு" என்று அவன் அறிவித்ததும்தான் சத்தம் கிளம்பியது.

எனக்குக் கோபம் வந்தது. பொறுப்பு ஆசிரியர் உள்ளே இருக்க வேண்டும் என்றால் படுத்துக் கிடக்க வேண்டும் என்று அர்த்தமா? "ஏம்மா எழுப்பல?" என்று கேட்டேன்.

"தூங்குற ஆள எழுப்புற பழக்கம் இங்க கெடையாது டீச்சர்."

பதிவேடு அவர் மடியில் இருந்தது. இருபத்திரண்டாவது பெயருக்குக் கீழே, புதுப் பிள்ளைக்கு விட்டிருந்த வரியில், புதிதாக ஒரு பெயர் எழுதியிருந்தது: செண்பகவல்லி டீச்சர், 7.50. சுற்றி வட்டம் இல்லை.

"வட்டம் போடலையா?"

"ஒரு நாள வச்சு எப்படிப் போடுறது? நாலு நாள் பாக்கணும். இதுதான் உங்க நேரமா, இல்ல காய்ச்சலான்னு அப்பந்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஐந்தரையிலிருந்து ஏழு ஐம்பது, இரண்டு மணி இருபது நிமிடம். போன வருடம் பிப்ரவரியில் என் வீட்டுக்காரர் தவறியதிலிருந்து ஒரே மூச்சில் நான் இவ்வளவு தூங்கியதில்லை. பால்காரரிடம் நாளையிலிருந்து கால் லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை வருடமாகச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று இருந்தது.

இது சொந்த விஷயம். கிழிக்கவில்லை.